வானுக்கு வெளியே வெளிச்சம் சரி, சுவிச் எங்கே?

யாழ்ப்பாணத்து மணற்காட்டுச் சவுக்கங்காட்டு ஓரத்தில் வானை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து மீன் பொரிக்கத் தொடங்கினோம். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. வானில் நாலு வெளி லைற் பூட்டியிருந்தோம், கூரையின் இடமும் வலமும் ஒவ்வொன்று, பின்னால் இரண்டு. எண்ணெய்ச் சட்டியை ஒரு கையால் பிடித்தபடி மச்சான் "லைற்றைப் போடடா" என்றான். சுவிச் இருந்தது டாஷ்போட்டில். நான் மணலில் செருப்பைத் தேடி, வானைச் சுற்றிப் போய், முன்கதவைத் திறந்து, ட்றைவர் சீற்றில் முழங்காலை ஊன்றித் தடவித் தடவி அதைக் கண்டுபிடித்துப் போட்டேன். நாலும் ஒரே சுவிச்சில் என்பதால், ஒரு சட்டிக்குத் தேவைப்பட்ட வெளிச்சம் கரை முழுவதும் கொட்டியது. தூரத்தில் வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவர் கண்ணை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஆனால் விளங்கியது.

வெளி லைற் பூட்டுவதைப் பற்றி யாரைக் கேட்டாலும் எத்தனை வாற், என்ன பிராண்ட், எவ்வளவு தூரம் அடிக்கும் என்றுதான் கதை தொடங்கும். எனக்கு இப்போது அந்தக் கேள்விகளில் பெரிய அக்கறை இல்லை. இரவில் அந்த லைற் தேவைப்படும் நேரத்தில் உன் கை எங்கே இருக்கும், அது எரியவே கூடாத நேரம் எது, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் வயரிங் முழுக்க அதிலிருந்து தானாக வரும். தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல லைற் வாங்கினாலும் செருப்புத் தேடி ஓடவேண்டியதுதான்.

இதை முன்பே விளங்கிக்கொண்டவர்கள் உழவு மெசின் செய்தவர்கள். பழைய மாசி பேர்கசனின் பின்பக்கத்தில் கலப்பையைப் பார்த்தபடி ஒரு லைற் இருக்கும், அதன் சுவிச் லைற்றின் உடம்பிலேயே இருக்கும். இரவில் உழுகிறவர் திரும்பிக் கலப்பையைப் பார்க்கும்போது அவர் கை போகக்கூடிய இடம் அதுதான். வேலை லைற் என்பதன் பொருள் அது: வீதியைக் காட்டுவதற்கானதல்ல, நின்ற இடத்தில் செய்யும் வேலையைக் காட்டுவதற்கானது. ஹெட்லைற்றின் சுவிச் ட்றைவரிடம் இருப்பது நியாயம், ஏனென்றால் அது தேவைப்படும்போது ட்றைவர் சீற்றில்தான் இருக்கிறார். வேலை லைற் தேவைப்படும்போது ட்றைவர் சீற்றில் யாரும் இருப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதை இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் இருந்த வானைத் தட்டி, நெளிவெடுத்து, பெயின்ற் அடித்து வைத்திருந்தவர்கள்தான் அதிகம். அந்தப் பழைய டொல்பின் ஹையேஸ் வான்களின் பின்சீற்றுகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டிலும் ஒரு தண்ணிப் பரலும் வைத்தால் கசூரினா, சுண்டிக்குளம், மருதங்கேணி என்று எங்கேயும் போய்ப் படுக்கலாம். கட்டிலைத் தச்சர் அழகாகச் செய்துவிடுவார். வயரிங்தான் கடைசியில், காசும் பொறுமையும் முடிந்த பிறகு, அவசரத்தில் நடக்கும்.

சரி, எங்கள் கேள்விக்கு வருவோம். கை எங்கே இருக்கும்? எங்களுக்கு மூன்று இடம் வந்தது. ஒன்று, பக்கக் கதவடியில், படங்கு கட்டி அதற்குக் கீழே சமைக்கும் இடம். இரண்டு, பின்கதவு, சாமான் இறக்கி ஏற்றும் இடம். மூன்றாவதை யாரும் முதலில் யோசிப்பதில்லை: படுக்கை. நடுச்சாமத்தில் வெளியே ஏதோ உரசுகிற சத்தம் கேட்கும், அநேகமாக மாடுதான், ஆனால் மாடு என்று தெரியும்வரை அது மாடு இல்லை. அந்த நேரம் எழும்பாமல், கதவைத் திறக்காமல், படுத்த இடத்திலிருந்தே சுற்றிவர நாலு லைற்றும் எரியவேண்டும். அப்போது மட்டும்தான் நாலும் சேர்ந்து தேவை. மற்ற நேரமெல்லாம் ஒன்றோ இரண்டோ போதும்.

லைற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தூரம் அடிக்கும் ஸ்பொட் வகை நின்ற இடத்து வேலைக்கு உதவாது, அகலமாக விரியும் வகையை வாங்குங்கள். தண்ணி புகாமைக்கு ஐபி67 என்றாவது போட்டிருக்கவேண்டும். பெட்டியில் அச்சடித்த வாற்றை நம்பவேண்டாம். நாங்கள் 48 வாற் என்று வாங்கிய ஒன்றை மீற்றரில் பிடித்துப் பார்த்தபோது 12.6 வோல்ற்றில் 1.4 அம்பியர் இழுத்தது, பெருக்கினால் 18 வாற்றுக்கும் குறைவு. ஏமாற்று என்று திட்டலாம், ஆனால் உண்மையில் 18 வாற் எல்ஈடியே சமையலுக்கு அதிகம். கணக்குப் போடும்போது மட்டும் பெட்டியை விட்டுவிட்டு மீற்றர் காட்டியதை எடுங்கள்.

இந்த அம்பியர் கணக்கிலிருந்துதான் றிலே (சின்ன மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைச் சேர்த்துப் பிரிக்கும் மின்காந்தச் சுவிச்) பற்றிய குழப்பம் தொடங்குகிறது. "வெளி லைற் என்றால் றிலே போடத்தான் வேணும்" என்பது வேதவாக்கு மாதிரி. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஹலஜன் காலத்திலிருந்து. 55 வாற் பல்ப் இரண்டு என்றால் 110 வாற், 9 அம்பியருக்கு மேல். அதை டாஷ்போட்டின் சின்னச் சுவிச் வழியாக ஓடவிட்டால் சுவிச் உருகும், வயர் முன்னுக்குப் போய்த் திரும்பப் பின்னுக்கு வருவதற்குள் வோல்ற்றும் விழும். எனவே பெரிய மின்னோட்டத்தை றிலேயிடம் கொடுத்துவிட்டு, சுவிச்சுக்கு அந்த றிலேயை எழுப்புகிற வேலையை மட்டும் கொடுத்தார்கள். றிலேயின் சுருள் இழுப்பது 0.15 அல்லது 0.2 அம்பியர்தான், மெல்லிய வயர் போதும்.

இன்றைக்கு 18 வாற் எல்ஈடி ஒன்று இழுப்பது 1.5 அம்பியர். இதற்கு மின்னோட்டக் காரணத்துக்காக றிலே தேவையே இல்லை, நேர்மின்னுக்கென்று அளவு குறித்த நல்ல 10 அம்பியர் சுவிச் நேரடியாகத் தாங்கும். வீட்டுச் சுவரில் பூட்டும் சுவிச் வேண்டாம், 50 ஹேர்ட்ஸ் வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் சுவிச் திறக்கும்போது வரும் பொறி தானாக அணையும், பற்றரி மின்னோட்டத்தில் அந்த வசதி கிடையாது, அதைவிட அந்தச் சுவிச் வானின் குலுக்கலுக்கு ஆகாது. சமையல் லைற் ஒன்றை மட்டும் பூட்டப்போகிறீர்கள் என்றால் பியூஸ், சுவிச், லைற், அவ்வளவுதான், இங்கேயே வாசிப்பதை நிறுத்திவிடலாம். சின்ன 5 வாற் லைற்றுக்கு றிலே போட்டால், லைற் இழுப்பதில் கிட்டத்தட்ட அரைவாசியை றிலேயின் சுருளும் சேர்த்து இழுக்கும், இரவு முழுக்க.

றிலே வேண்டியிருப்பது வேறு காரணத்துக்கு: ஒரு லைற்றுக்கு இரண்டு மூன்று இடத்திலிருந்து கட்டளை வரவேண்டும், சில நேரங்களில் கட்டளையை மறுக்கவும் வேண்டும். இதைச் சுவிச் தனியாகச் செய்யாது.

எந்தக் கராஜிலும் கிடைக்கும் அந்தக் கறுப்புச் சதுர றிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று போட்டிருக்கும், சிலவற்றில் 87ஏ என்று ஐந்தாவது காலும் இருக்கும். இவை ஏதோ கம்பனி இலக்கங்கள் இல்லை, டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் நியமத்தின் இலக்கங்கள். 30 என்றால் பற்றரியிலிருந்து நேரே வருவது, 85ம் 86ம் சுருளின் இரண்டு முனைகள், 87 றிலே இழுத்ததும் 30உடன் சேர்வது, 87ஏ அதற்கு எதிர், றிலே சும்மா இருக்கும்போது சேர்ந்திருந்து இழுத்ததும் பிரிவது. அதே நியமத்தில் 15 என்பது திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் வரும் வயர். இந்த ஆறு இலக்கமும் தெரிந்தால் மிச்சமெல்லாம் விளையாட்டு.

இரண்டு இடத்திலிருந்து போட்டு நூர்ப்பதற்கு எங்களுக்கு முதலில் தோன்றியது மாடிப்படி வயரிங். கீழே ஒரு டூவே சுவிச், மேலே ஒரு டூவே சுவிச், நடுவே இரண்டு வயர். எந்த இடத்தில் தட்டினாலும் நிலை மாறும். வானிலும் அப்படியே செய்யலாம், பக்கக் கதவடியில் ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, வெளியே வருவது றிலேயின் 86க்கு. சுருளுக்கு மட்டும் போகிற வயர் என்பதால் 0.75 சதுர மில்லிமீற்றர் போதும், பலகைக்குப் பின்னால் சுலபமாக ஒளிக்கலாம். மிகத் திருப்தியாக வேலை செய்தது.

அடுத்தது, எரியவே கூடாத நேரம். ஓடும் வாகனத்தில் பின்னோக்கி வெள்ளை வெளிச்சம் அடிப்பது பின்னால் மோட்டர்சைக்கிளில் வருபவரின் கண்ணைக் குருடாக்கும் வேலை. பின்பக்கம் சிவப்பு, பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் வெள்ளை என்பதுதான் எங்கும் உள்ள வழக்கம். பொலிஸ் பிடிப்பது அதற்குப் பிறகு வரும் கவலை. ஆகவே ஐந்துகால் றிலே ஒன்றை எடுத்து, அதன் சுருளைத் திறப்பு வயரில், அதாவது 15இல், கொடுத்து, சுவிச்சுகளுக்குப் போகிற மின்னை 87ஏ வழியாக அனுப்பினோம். திறப்பைத் திருப்பினால் 87ஏ பிரியும், சுவிச்சுகளுக்கு மின் போகாது, லைற் நூரும். மறந்துபோய் லைற்றோடு ஓடவே முடியாது. இதற்கும் திருப்தி.

அடுத்த தடவை விடியக்காலை, இருட்டோடு மணற்காட்டிலிருந்து கிளம்பி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை தாண்டி, தொண்டைமானாற்றில் சந்நிதிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவோம் என்று வானைக் கோயில் வீதியில் நிறுத்தித் திறப்பை எடுத்தேன். நாலு லைற்றும் பளீரென்று எரிந்தன. தோய்ந்துவிட்டு ஈரவேட்டியோடு வந்துகொண்டிருந்த ஐயா ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். நடந்தது இதுதான்: இரவு போட்ட சுவிச் போட்டபடியே இருந்திருக்கிறது. திறப்பு றிலே அதை மறைத்து வைத்திருந்ததே தவிர நூர்க்கவில்லை. திறப்பை எடுத்ததும் மறைப்பு விலகியது. டூவே சுவிச்சில் மேலே கீழே என்பதை வைத்து எது எரிகிற நிலை என்று சொல்லவும் முடியாது, மாடிப்படியில் அது பரவாயில்லை, ஏனென்றால் மாடிப்படி ஊர் சுற்றுவதில்லை.

இந்தப் பிரச்சினைக்கு விடை மா அரைக்கும் மில்லில் இருக்கிறது. மில் மோட்டரின் ஸ்டாட்டர் பெட்டியில் பச்சைப் பட்டன் ஒன்று, சிவப்புப் பட்டன் ஒன்று. பச்சையை அமத்திவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மோட்டர் தானாகத் தொடங்காது, யாராவது வந்து பச்சையைத் திரும்ப அமத்தவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், வெட்டு முடிந்த நேரமெல்லாம் மில்காரர் அந்தப் பச்சையைத் தேடிப் போயிருப்பார். மில்லுக்கு அது உயிர்ப் பாதுகாப்பு, பட்டியில் கை வைத்திருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கும் அதே குணம்தான் வேண்டும்: நூர்ந்தால் நூர்ந்ததுதான், யாராவது வேண்டுமென்று அமத்தும்வரை எரியக்கூடாது.

ஸ்டாட்டர் இதைச் செய்யும் வழி எளிமையானது, தன் சுருளுக்குத் தானே மின் கொடுக்கிறது. பச்சை அமத்தியதும் றிலே இழுக்கும், இழுத்ததும் 87இல் மின் வரும், அந்த 87இலிருந்து ஒரு மெல்லிய வயரைச் சிவப்புப் பட்டன் வழியாகத் திரும்ப 86க்குக் கொடுத்துவிட்டால் பச்சையிலிருந்து கையை எடுத்தாலும் றிலே தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கும். சிவப்பு என்பது சாதாரணமாகச் சேர்ந்திருந்து அமத்தினால் பிரிகிற பட்டன். அதை அமத்தினால் பிடி விடும். எத்தனை இடத்தில் வேண்டுமோ அத்தனை பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் இணையுங்கள், சிவப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணையுங்கள். மாடிப்படி வயரிங்கில் மூன்றாவது இடம் வேண்டுமென்றால் விசேஷச் சுவிச் தேடவேண்டும். இதில் நாலு இடம் என்றாலும் அதே பட்டன்தான்.

திறப்பு விஷயத்துக்கு, லைற் றிலேயின் 85ஐ நேரே நெகற்றிவுக்குக் கொடுக்காமல் அந்த ஐந்துகால் றிலேயின் 30க்குக் கொடுத்து, அதன் 87ஏயை நெகற்றிவுக்குக் கொடுக்கிறோம். திறப்பைத் திருப்பினால் சுருளின் நெகற்றிவ் பிரிகிறது, பிடி விடுகிறது, லைற் நூர்கிறது. திறப்பை எடுத்தால் வழி திரும்பச் சேரும், ஆனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கோயில் வீதியில் இருட்டு இருட்டாகவே இருக்கும்.

இங்கே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது, நாங்கள் அதிலும் விழுந்தோம். எல்லாம் பூட்டி முடித்து, திறப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு, இப்போது எரியக்கூடாது பார் என்று சவாலாகப் பச்சையை அமத்தினேன். எரிந்தது. அமத்தியிருக்கும்வரை எரிந்தது, விட்டால் நூர்ந்தது. அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்த பிறகுதான் விளங்கியது. பச்சை 86க்கு மின் கொடுக்கிறது. 86 சிவப்புப் பட்டன் வழியாக 87உடன் சேர்ந்திருக்கிறது. 87 லைற்றுகளோடு சேர்ந்திருக்கிறது. றிலே இழுக்காவிட்டால் என்ன, மின் பின்கதவு வழியாக அந்த மெல்லிய வயரில் லைற்றுக்குப் போய்விட்டது. நாலு லைற்றின் மின்னோட்டமும் 0.75 வயரிலும் சின்னப் பட்டனிலும். இந்த வகைக் கள்ளப்பாதை வாகன வயரிங்கில் நிறைய, ஒரு லைற்றைப் போட இன்னொன்று மங்கலாக எரிகிறது என்றால் அநேகமாக இதுதான்.

மருந்து ஒரு டயோட். 87இலிருந்து சிவப்பு வழியாக 86க்கு வரும் வயரில் ஒரு 1என்4007, வெள்ளிக் கோடு 86 பக்கம் பார்க்க. அது 1 அம்பியர் தாங்கும், சுருளுக்குத் தாராளம். மின் 87இலிருந்து 86க்கு வரலாம், திரும்பிப் போக முடியாது. அந்தக் கறுப்பு மணியைக் கையில் எடுத்தபோது பெரியப்பா சிரித்தார். 1990களில் குடாநாட்டில் கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, தைனமோவிலிருந்து றேடியோ கேட்ட தலைமுறை அவருடையது. தைனமோ தருவது ஆடலோட்டம், அதை றேடியோவுக்கு ஏற்றபடி ஒரு பக்கமாகத் திருப்பியது இதே மாதிரி டயோட்தான். எங்களில் பலருக்கு முந்தின தலைமுறை பற்றரியோடும் டயோட்டோடும் பழகியது பொழுதுபோக்குக்காக இல்லை. அந்த அறிவு வீட்டில் யாரிடமாவது இன்னும் இருக்கும், யூடியூப் பார்க்க முதல் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

பின்னுக்கு எடுக்கும்போது பின் லைற் வேண்டும் என்றால், றிவேர்ஸ் லைற் வயரிலிருந்து தனி றிலே ஒன்றை எழுப்பி, அதன் 87ஐ பின் லைற்றுக்குக் கொடுங்கள். மேலே சொன்ன றிலேயோடு கலக்கும் இடத்தில் திரும்பவும் அதே கள்ளப்பாதைக் கேள்வியைக் கேளுங்கள். எங்கள் வானில் பின் லைற் இரண்டுக்கும் தனி றிலே, பக்கத்துக்குத் தனி றிலே, படுக்கைப் பட்டன் இரண்டு றிலேயையும் சேர்த்து எழுப்பும், அதுவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோட் வைத்து.

வயர் பருமன் பற்றி ஒரு கணக்கு. நாலு லைற், ஒவ்வொன்றும் உண்மையான 18 வாற், மொத்தம் 72 வாற், 12 வோல்ற்றில் 6 அம்பியர். பற்றரியிலிருந்து பின்பக்கம் 6 மீற்றர் என்றால் போய்வர 12 மீற்றர். செப்புக்குத் தடைத்திறன் 0.0175 என்று வைத்தால், 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் தடை 0.14 ஓம், வோல்ற் விழுவது 0.84, அதாவது 7 வீதம். 2.5 வயரில் அரை வோல்ற், 4 வயரில் 0.3 சொச்சம். ஹலஜன் என்றால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும், மஞ்சளாக எரியும். எல்ஈடி அப்படிக் காட்டிக்கொடுக்காது. 10இலிருந்து 30 வோல்ற் வரை என்று போட்டு வரும் லைற்றுக்குள் உள்ள சர்க்கியூட் வோல்ற் குறைந்தால் அம்பியரைக் கூட்டி இழுத்து ஒரே வெளிச்சத்தைத் தரும், நீங்கள் எல்லாம் சரி என்று நினைப்பீர்கள், பற்றரி வயரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். விடிய முன் பற்றரி இறங்கும் நேரத்தில்தான் லைற் மினுங்கத் தொடங்கும், அப்போது பழி லைற் மேல் விழும்.

மிச்சம் கிடக்கிறதே என்று வீடு கட்டியபோது வாங்கிய 7/0.67 வயரை வானுக்கு இழுக்கவேண்டாம். பருமன் சரிதான், 2.5 வரும், ஆனால் ஏழே ஏழு தடித்த இழை, குலுக்கலில் ஒவ்வொன்றாக முறியும். வாகன வயரில் அதே பருமனுக்கு ஐம்பது மெல்லிய இழை இருக்கும். பியூஸ் லைற்றைக் காப்பாற்றுவதற்கென்று பலர் நினைக்கிறார்கள், அது வயரைக் காப்பாற்றுகிறது. எனவே பற்றரியின் பொசிற்றிவிலிருந்து ஒரு சாணுக்குள் அது இருக்கவேண்டும். லைற்றடியில் பியூஸ் வைத்தால் நடுவிலே வயர் தகரத்தில் தேய்ந்து முட்டும்போது, பற்றரி கொடுக்கக்கூடிய நூற்றுக்கணக்கான அம்பியரைத் தடுக்க வழியில் ஒன்றும் இருக்காது. எங்களுடைய 6 அம்பியருக்குச் சிவப்பு நிறப் பிளேட் பியூஸ், அதாவது 10, போதும். அது போனால் நீலத்தை, 15ஐ, போட்டுப் பார்ப்பது வேண்டாம், ஏன் போனது என்று தேடுங்கள்.

இனி உப்பு. குடாநாட்டில் கடலிலிருந்து தப்பிய இடம் என்று ஒன்று இல்லை, ஒரு பக்கம் கடல் இல்லாவிட்டால் களப்பு. ஆனையிறவில் உப்பு விளைவதற்குக் காரணமான அதே காற்றும் வெயிலும்தான் உங்கள் வானையும் சுற்றி வருகிறது. கடலிலிருந்து தள்ளிய ஊரில் பல வருடம் இருக்கும் இணைப்பு இங்கே இரண்டு மாரி தாண்டாது. வானின் பொடியையே நெகற்றிவ் வயராகப் பாவிப்பது கராஜ் வழக்கம், வயர் மிச்சம், வேலை சுருக்கு. ஆனால் வெளிக் கூரையில் ஒரு ஆணியை முறுக்கி அதில் நெகற்றிவைக் கட்டினால், அந்த ஆணியடியில் பெயின்ற் உடைந்து, உப்பு ஈரம் புகுந்து, துரு பிடித்து, துரு மின்னைத் தடுத்து, லைற் ஒரு நாள் எரியும் ஒரு நாள் எரியாது. நான் ஒவ்வொரு லைற்றுக்கும் நெகற்றிவ் வயரை உள்ளே கொண்டுவந்து ஒரே கட்டையில் சேர்த்து, அங்கிருந்து ஒரு தடித்த வயரைப் பற்றரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வயர்க்காசு கூடியது. பொடியில்தான் கட்டுவேன் என்றால் தகரம் மினுங்கும்வரை சுரண்டி, பல்லுள்ள வாசர் போட்டு இறுக்கி, அதற்கு மேலே பெயின்ற் அடித்து மூடுங்கள்.

பழைய ஏ40, மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, யாழ்ப்பாணத்தில் இது வெறும் பகிடி இல்லை. அந்தக் காலத்து பிரித்தானியக் கார்களில், 1960களின் நடுப்பகுதி வரை, பொடியில் கட்டியிருப்பது பற்றரியின் பொசிற்றிவ். ஹலஜனுக்கு எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும், எல்ஈடி தலைகீழாகக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது, அல்லது ஒரேயடியாகப் போய்விடும். முதலில் மீற்றரைப் பிடித்துப் பாருங்கள். பிறகு யாராவது மாற்றி வைத்திருக்கலாம் என்பதால் புத்தகத்தையும் நம்பவேண்டாம்.

வயர்களைச் சேர்க்கும் இடத்தில் ஈயம் பற்றவைப்பதைவிட நல்ல கிறிம்ப் (உலோகக் குழலுக்குள் வயரை விட்டு நசுக்கிப் பிடிப்பது) மேல். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஒரு கம்பி மாதிரி விறைக்கும், ஊறியது முடிகிற இடத்தில் குலுக்கலில் முறியும். மேலே உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடாக்கினால் உப்புக்காற்று புகாது. வயர் உள்ளே போகும் ஓட்டைக்கு முன்னால் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள், மழைத்தண்ணி வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது. டொல்பின் கூரையோரத்தில் வீட்டுப் பீலி மாதிரியே ஒரு விளிம்பு ஓடுகிறது, அதில் கிளாம்ப் போட்டுப் பூட்டினால் கூரையைத் துளைக்கவே வேண்டியதில்லை. பின்கதவிலேயே லைற் பூட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த றபர்க் குழாய்க்குள் வயர் மடிந்து நிமிர்கிறது. அதோடு, மேலே தூக்கும் கதவு என்றால், திறந்தவுடன் லைற் வானத்தைப் பார்க்கும். சாமான் இறக்கக் கதவைத் திறக்கும் நேரத்தில்தான் அது வேண்டும்.

பற்றரிக்கு வந்தால், இதையெல்லாம் எஞ்சின் தொடங்கும் பற்றரியில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. நிரம்பிய ஈயப் பற்றரி ஓய்வில் 12.7 வோல்ற் காட்டும், 12.2க்கு வந்தால் அரைவாசி போய்விட்டது என்று அர்த்தம், அதற்குக் கீழே டீசல் எஞ்சினைச் சுழற்றுவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சுண்டிக்குளத்தில் தள்ளிவிட ஆள் கிடையாது, இருந்தாலும் மணலில் தள்ள முடியாது. இரண்டாவது பற்றரி ஒன்றை வைத்து, இரண்டுக்கும் நடுவே வோல்ற் பார்த்துச் சேர்க்கும் றிலே போடுங்கள். எஞ்சின் ஓடி 13.3 அளவுக்கு ஏறினால் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரிக்கும். இரண்டாவது பற்றரி லிதியம் என்றால் அந்த றிலே சரிவராது, அதற்கென்று சார்ஜர் வேண்டும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். நாலு லைற்றும் இரவு 5 மணித்தியாலம் எரிந்தால் 30 போய்விடும், சமையல் லைற் மட்டும் என்றால் 7.5. தனித்தனிப் பட்டன் வைத்ததற்கு இந்தக் காரணமும் உண்டு.

வெள்ளை லைற்றைப் போட்டால் பூச்சி படை எடுக்கும், அதுவும் மாரி தொடங்கும் நாட்களில் ஈசல் சட்டிக்குள்ளேயே விழும். நீலம் குறைந்த மஞ்சள் வெளிச்சத்துக்கு அவ்வளவு வருவதில்லை. ஆகவே சமையல் லைற்றை 5 வாற் மஞ்சளாக மாற்றிவிட்டோம், றிலே இல்லாமல் நேரடிச் சுவிச்சில். பழைய பக்க லைற் படுக்கைப் பட்டனுக்கு மட்டும். பின் லைற் இரண்டையும் நன்றாகக் கீழே குனிய வைத்திருக்கிறோம், கடலுக்கு வெளிச்சம் போகாது. அதில் பிடிவாதமாக இருக்கிறேன். வடமராட்சி கிழக்கில் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிப்பது பற்றிய சண்டை பழையது. கரையில் பலமான லைற் ஒன்று கடலைப் பார்த்து எரிந்தால் வருகிற முதல் ஆள் அந்த மாட்டை விடக் கோபமாக வருவார்.

போன கிழமை மச்சான் இன்னொரு லைற் வேண்டும் என்றான், முன்பக்கக் கூரைக்கு, நீளமானது. சுவிச் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன் இன்னும் சொல்லவில்லை.